கள்ளக்குரலின் கலை: கவுண்டர்டெனர் ஒலிப்பதிவுகளை எப்படிக் கேட்பது?

கர்நாடக சங்கீதம் கற்கும் மாணவன் தாரஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை எட்ட முடியாமல் குரலை மெல்லியதாக்கி மேலே நழுவ விட்டால், ஆசிரியர் பாட்டை நிறுத்திவிடுவார். கள்ளக்குரல் கூடாது, வாயைத் திறந்து பாடு என்பார். தீர்ப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அது உண்மையான குரல் அல்ல, உழைப்பிலிருந்து தப்பிக்க எடுத்த குறுக்குவழி என்பது அதன் பொருள். இந்தப் பயிற்சியில் பழகிய காதோடு, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹாண்டெலின் ஓபரா என்னும் இசைநாடகம் ஒன்றைக் கேட்க உட்காருகிறவருக்கு, ஜூலியஸ் சீஸராக மேடையில் நிற்கும் ஆண் தன் சினத்தையும் பெருமிதத்தையும் பெண்ணின் ஸ்தாயியில் பாடும்போது, முதலில் திகைப்பும் பிறகு சிறிது விலகலும் ஏற்படுவது இயல்பு. அந்த விலகலைக் கடந்து வந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இது: கவுண்டர்டெனர் எனப்படும் இந்த வகை ஆண் பாடகர் பாடுவது நாம் கள்ளக்குரல் என்று ஒதுக்கும் அதே ஒலியைத்தான். ஆனால் ஒதுக்கப்பட்ட அந்த ஒலியை ஒரு முழு வாத்தியமாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள். எப்படி வளர்த்தார்கள், எதற்காக வளர்த்தார்கள் என்று தெரிந்தால், அந்த ஒலிப்பதிவுகள் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கும்.

முதலில் உடலைப் பார்க்கலாம். நாம் பேசும்போதும் வழக்கமாகப் பாடும்போதும் குரல் நாண்கள் தடித்த நிலையில் முழு அகலத்தோடு அதிர்ந்து, ஒவ்வொரு அதிர்விலும் ஒன்றோடொன்று உறுதியாக மூடிக்கொள்கின்றன. ஃபால்செட்டோ எனப்படும் முறையில் அவை நீட்டி மெலிதாக்கப்பட்டு, அவற்றின் விளிம்பு மட்டும் அதிர்கிறது. மூடலும் முழுமையாக நிகழ்வதில்லை. அதனால் சுருதி எளிதில் உயர்கிறது. ஆனால் மேல்தொனிகள் குறைந்து, ஒலி மெல்லியதாகவும் காற்று கலந்ததாகவும் வருகிறது. பயிற்சியற்றவரின் கள்ளக்குரல் வெற்றாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். கவுண்டர்டெனர் பல ஆண்டுகள் உழைத்து அந்த விளிம்பு அதிர்வுக்கு உறுதியான மூடலையும், மூச்சின் ஆதாரத்தையும், வாய் தொண்டை அறைகளின் அனுநாதத்தையும் பெற்றுத் தருகிறார். இவர்களில் பெரும்பாலோர் பேசும்போது பாரிட்டோன் எனப்படும் சாதாரண நடுத்தர ஆண்குரலினர் என்பதை அவர்களுடைய நேர்காணல்களைக் கேட்டாலே அறியலாம்.

ஆனால் அவர்கள் இன்று பாடும் ஆரியாக்களில் பெரும்பகுதி இந்தக் குரலுக்காக எழுதப்பட்டதல்ல. ஆரியா என்பது ஓபராவில் ஒரு பாத்திரம் கதையின் ஓட்டத்தை நிறுத்தித் தன் மனநிலையைத் தனியே பாடும் பாட்டு. 18ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஓபராவில் நாயகனின் ஆரியாக்கள் காஸ்ட்ராட்டோக்களுக்காக எழுதப்பட்டன. இவர்கள் மகரக்கட்டு வருவதற்கு முன்பே, சிறுவயதில், விதையடிக்கப்பட்ட ஆண்கள். ஹார்மோன் மாற்றம் நிகழாததால் இவர்களுடைய குரல்வளை சிறுவனின் அளவிலேயே தங்கிவிடும். எலும்புகளின் வளர்முனைகள் உரிய காலத்தில் மூடாததால் கைகால்களும் விலாக்கூடும் நீண்டு வளரும். சிறுவனின் குரல் நாண்களும் வளர்ந்த மனிதனின் நுரையீரலும் ஒரே உடலில் அமைந்தன. அதன்மேல் நேப்பிள்ஸின் இசைப்பள்ளிகளில் கிடைத்த நீண்ட, கடுமையான பயிற்சியும் சேர்ந்துகொண்டது. நிக்கோலா போர்ப்போரா என்ற ஆசிரியரிடமிருந்து மட்டும் ஃபாரினெல்லி, கஃபரெல்லி என்னும் இரு பெரும் பாடகர்கள் வந்தனர். அந்த அறுவையின் கொடுமையை இசையின் அழகால் நியாயப்படுத்த முடியாது. பெரும்பாலான சிறுவர்களுக்குப் புகழும் கிடைக்கவில்லை, பழைய வாழ்வும் திரும்பவில்லை. போலோஞாவில் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஃபாரினெல்லியின் எலும்புகள் 2006இல் ஆய்வுக்காகத் தோண்டி எடுக்கப்பட்டன. நெற்றி எலும்பின் உட்புறம் அசாதாரணமாகத் தடித்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். சிறுவயதில் செய்த ஒன்றின் சுவடு இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் எலும்பில் இருந்தது.

விதையடிக்கப்படாத ஆண்கள் ஃபால்செட்டோவில் பாடும் வழக்கமும் பழமையானதே. ஆனால் அது வேறோர் உலகத்தைச் சேர்ந்தது. பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த தேவாலயங்களில் மேல் குரல்களைச் சிறுவர்களும் ஃபால்செட்டோ பாடகர்களுமே பாடிவந்தார்கள். ரோமில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவர்களுடைய இடத்தைக் காஸ்ட்ராட்டோக்கள் படிப்படியாக எடுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் காஸ்ட்ராட்டோக்களை உருவாக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. அங்கே பேராலயப் பாடகர் குழுக்களில் மேல் குரல்களில் தாழ்ந்ததான ஆல்ட்டோவை ஆண்கள் பாடுவது தொடர்ந்தது. இந்த மரபிலிருந்துதான் ஆல்ஃபிரட் டெல்லர் வந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கேன்டர்பரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த அவரை இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் கேட்டார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் பாடல்களுக்கு உரிய குரல் இதுவே என்று உணர்ந்து, கவுண்டர்டெனர் என்ற பழைய ஆங்கிலச் சொல்லை அவருக்குச் சூட்டினார். 1946 செப்டம்பர் 29 அன்று பி.பி.சி.யின் மூன்றாம் நிகழ்ச்சி அலைவரிசை தொடங்கிய நாளில் டெல்லர் பர்செல்லைப் பாடினார். ஓபரா மேடையில் அல்ல, வானொலியில், ஒலிவாங்கியின் முன்னால் இந்தக் குரலின் நவீன வாழ்க்கை தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேடை அவ்வளவு எளிதாக வசப்படவில்லை. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஓபராவில் தேவதை அரசன் ஓபரான் பாத்திரத்தை டெல்லருக்காகவே எழுதினார். 1960இல் ஆல்ட்பரோ விழாவின் சிறிய அரங்கில் டெல்லரே அதைப் பாடினார். அடுத்த ஆண்டு லண்டனின் கோவென்ட் கார்டன் பேரரங்கில் அதே பாத்திரத்தை அமெரிக்கரான ரஸ்ஸல் ஓபர்லின் பாடினார். பிறகு பெஞ்சமின் பிரிட்டனே நடத்தி 1966இல் பதிவுசெய்த இசைத்தட்டில் மீண்டும் டெல்லரே ஒலிக்கிறார். அதைக் கேட்கும்போது பேரரங்கில் சிறியதாகத் தோன்றக்கூடிய குரல் ஒரு காதின் அருகே எவ்வளவு முழுமையாக நிற்கிறது என்பது தெரியும். சொல்லின் கடைசி மெய்யெழுத்து வரை அவர் கைவிடுவதில்லை.

ஹாண்டெலின் ஓபராக்கள் மறுபடி மேடையேறியபோது அவற்றின் நாயகர்கள் முதலில் கவுண்டர்டெனர்களிடம் வரவில்லை. 1920இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ‘ரோதெலிந்தா’வுடன் தொடங்கிய மறுமலர்ச்சியில், காஸ்ட்ராட்டோ பாத்திரங்களை ஒரு ஸ்தாயி இறக்கித் தாழ்குரல் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். நாயகன் என்றால் கனத்த ஆண்குரல் என்ற 19ஆம் நூற்றாண்டின் எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. 1966இல் நியூயார்க் சிட்டி ஓபராவில் பெவர்லி சில்ஸ் கிளியோபாத்ராவாகப் பாடிய புகழ்பெற்ற ‘ஜூலியோ செஸாரே’யில் சீஸரைப் பாடியவர் பாஸ் பாரிட்டோனான நார்மன் டிரெய்கிள். ஒரு ஸ்தாயி இறக்கினால் ஸ்வரங்கள் அதேதானே என்று தோன்றலாம். ஆனால் இசையின் கட்டுமானமே குலைந்துவிடுகிறது. வயலின்களோடு பின்னிப்பிணைந்து, சில இடங்களில் அவற்றையும் தாண்டிப் பறக்க வேண்டிய குரல் அடியில் போய் செல்லோக்களுக்கு நடுவே புதைந்துபோகிறது. வேகமான பிருகாக்கள் உருண்டு கலங்குகின்றன.

இன்னொரு வழி பெண்களுக்குக் கொடுப்பது. இதற்கு ஹாண்டெலே சான்று. 1720 ஏப்ரலில் அரங்கேறிய ‘ரதமிஸ்தோ’வின் நாயகனைப் பாடியவர் மர்கெரிட்டா துராஸ்தாந்தி என்ற பெண்மணி. செனெசினோ என்ற காஸ்ட்ராட்டோ லண்டன் வந்து சேர்ந்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் பாத்திரம் அவருக்காகத் திருத்தி எழுதப்பட்டது. காஸ்ட்ராட்டோ கிடைக்காதபோது தம் இத்தாலிய ஓபராக்களின் நாயகர்களுக்கு ஹாண்டெல் பெண்களின் பக்கம்தான் திரும்பினார், ஃபால்செட்டோ பாடகர்களின் பக்கம் அல்ல. ஆகவே வரலாற்று நேர்மை என்ற பெயரில் கவுண்டர்டெனரை முன்னிறுத்துவது பலவீனமான வாதம். இதை நன்கு அறிந்தவர்களில் ஒருவர் பெல்ஜியத்தின் ரெனே யாகோப்ஸ். தாமே புகழ்பெற்ற கவுண்டர்டெனராக இருந்தும், 1991இல் ‘ஜூலியோ செஸாரே’யை முழுமையாகப் பதிவுசெய்து நடத்தியபோது, சீஸருக்கு அவர் தேர்ந்தெடுத்தவர் மெஸ்ஸோ சொப்ரானோ எனப்படும் நடுத்தரப் பெண்குரலினரான ஜெனிஃபர் லார்மோர். வில்லனான தோலொமேயோவுக்குத்தான் கவுண்டர்டெனரான டெரெக் லீ ரேகினை வைத்தார்.

அப்படியானால் கவுண்டர்டெனர் பதிவுகளை எதற்காகக் கேட்க வேண்டும்? மறைந்துபோன குரல் திரும்ப வந்துவிட்டது என்பதற்காக அல்ல. அந்தக் குரல் திரும்பாது, திரும்பவும் கூடாது. கவுண்டர்டெனர் 20ஆம் நூற்றாண்டில் உருவான புதிய குரல். தனக்காக எழுதப்படாத இசைக்குள் அது நுழைந்து, எங்கே பொருந்துகிறது, எங்கே திணறுகிறது, திணறும் இடத்தை எப்படிக் கலையாக்குகிறது என்பதைக் கவனிப்பதே இந்தப் பதிவுகளின் உண்மையான சுவை என்று கருதுகிறேன். மூன்று ஆரியாக்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

முதலாவது, 1724இல் லண்டனில் அரங்கேறிய ‘ஜூலியோ செஸாரே’யில் சீஸர் பாடும் ‘வா தாசிதோ’. எகிப்தின் தோலொமேயோ இனிமையாகப் பேசி அரண்மனைக்குள் அழைக்கிறான். சதியை மோப்பம் பிடித்த சீஸர், இரைமேல் கண்வைத்த வேடன் ஓசையின்றி மறைந்து செல்வான் என்று பாடுகிறார். வேட்டையின் வாத்தியமான ஹார்ன் ஒன்று குரலோடு கூடவே வருகிறது. செனெசினோவின் குரல் ஆல்ட்டோ வகை. அவருக்காக எழுதியவற்றில் ஹாண்டெல் உயரத்தைவிட நடு, கீழ்ப்பகுதிகளின் கனத்தையே நம்பினார். கவுண்டர்டெனருக்கு மிகவும் வலுக்குறைந்த இடமும் அதுதான். பியானோவின் நடுவிலுள்ள ‘மிடில் சி’ ஸ்வரத்தை ஒட்டிய பகுதியில் ஃபால்செட்டோ நீர்த்துவிடும். அங்கே பாடகருக்கு இரண்டு வழிகள் உண்டு. அப்படியே மெலிதாகப் பாடிக் கடந்துபோகலாம், அல்லது இயல்குரலுக்குள் இறங்கிவிடலாம். இறங்கினால் இரண்டு குரல்களுக்கும் நடுவே ஒட்டுத் தெரியும். ஒட்டுத் தெரியாமல் கலப்பவரே தேர்ந்தவர். ஜெர்மனியின் ஆந்திரேயாஸ் ஷோல் அந்த இடங்களில் ஒலியைப் பெருக்க முயலாமல் நிறத்தை மட்டும் கறுக்கவைப்பார். வேடனின் பதுங்கலுக்கு அது பொருத்தமாகவே அமைகிறது. இன்னொரு நுட்பம் சுருதி. இன்றைய இசைக்குழுக்கள் வழக்கமாக 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கும் ஸ்வரத்தை, ஹாண்டெல் காலத்துப் பரோக் இசையை வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415க்குச் சேர்க்கின்றன. ஏறத்தாழ அரை ஸ்வரம் இறங்கிய இந்தச் சுருதி மேலே பாடுவதை எளிதாக்கும். ஆனால் கீழே, ஏற்கெனவே வலுக்குறைந்த இடத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

இரண்டாவது, போர்ப்போரா தம் மாணவன் ஃபாரினெல்லிக்காக எழுதிய ‘ஆல்தோ ஜோவே’. 1735இல் லண்டனில் அரங்கேறிய ‘பொலிஃபேமோ’வில் வருவது. பாறை விழுந்து மாண்ட ஆசி என்ற இளைஞனை ஜோவ் தெய்வம் மரணமற்றவனாக்கியபின், அவன் செலுத்தும் நன்றி இந்தப் பாட்டு. முதல் சொல்லின் முதல் எழுத்தே ஒரு நீண்ட ஸ்வரம். காதில் விழுமளவுக்கு மட்டும் தொடங்கி, மெல்லப் பருத்து, உச்சம் தொட்டு, மீண்டும் மெலிந்து மறைய வேண்டும். காஸ்ட்ராட்டோக்களின் விலாக்கூடு இதற்காகவே செய்தது போன்றது. பிரான்ஸின் ஃபிலிப் யாரூஸ்கி இந்த ஆரியாவைத் தம் 2013ஆம் ஆண்டின் போர்ப்போரா இசைத்தட்டில் பதிவுசெய்திருக்கிறார். ஃபாரினெல்லியின் நுரையீரல் அவரிடம் இல்லை என்பது முதல் சில நொடிகளிலேயே தெரியும். ஆனால் ஃபால்செட்டோவுக்கு ஒரு தனி வரம் உண்டு. மெல்லியதாகத் தொடங்குவது அதற்கு இயல்பு. கனத்த குரல்கள் பாடுபட்டுப் பெறும் அந்த மென்மையான தொடக்கத்தில் யாரூஸ்கியின் குரல் அதிர்வே இல்லாத ஒரு கோடாக நின்று, பிறகுதான் மெல்ல அசையத் தொடங்குகிறது. மறுபிறவி பெற்றவனின் முதல் மூச்சு இப்படித்தான் இருக்கும் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றாத நாளில்லை.

இந்த வகை ஆரியாக்களின் அமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதற்பகுதி, மாறுபட்ட இடைப்பகுதி, மீண்டும் முதற்பகுதி என்று மூன்றாக இவை நடக்கும். திரும்பி வரும்போது பாடகர் அதை அப்படியே பாடுவதில்லை. தாமே புதிய அணிகளைச் சேர்த்துப் பாடுவார். பல்லவியைச் சங்கதி சங்கதியாக வளர்த்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், கேட்கும் மனம் ஒன்றுதான்: தெரிந்த வரி எப்போது, எப்படித் தெரியாததாக மாறப்போகிறது என்று காத்திருப்பது. திரும்பிவரும் பகுதியில் அணிகள் வெறும் சாமர்த்தியமாக நின்றுவிடுகின்றனவா, இடைப்பகுதியில் பாத்திரத்துக்கு நேர்ந்த ஏதோ ஒன்றின் விளைவாக வருகின்றனவா என்பதே நல்ல பாடகரை அடையாளம் காட்டும் இடம்.

மூன்றாவது, சாமர்த்தியத்தின் உச்சம். லெயொனார்தோ வின்சி இசையமைத்த ‘அர்த்தஸேர்ஸே’ 1730 பிப்ரவரியில் ரோமில் அரங்கேறியது. போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்த அந்த நகரில் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. ஆகவே பெண் பாத்திரங்களையும் ஆண்களே பாடினார்கள். இளவரசி மந்தானேயைப் பாடியவரும் காஸ்ட்ராட்டோவே. வின்சி அதே ஆண்டில் இறந்துபோனார். 2012இல் கவுண்டர்டெனரான மாக்ஸ் இமானுவேல் செஞ்சிச் முன்னின்று இந்த ஓபராவை ஐந்து கவுண்டர்டெனர்களும் ஒரு டெனரும் கொண்ட குழுவோடு உயிர்ப்பித்தார். நான்சி நகரில் மேடையேறியதோடு, தியேகோ ஃபசோலிஸ் நடத்திய முழு ஒலிப்பதிவும் வெளிவந்தது. அதன் முதல் அங்கத்தின் முடிவில், குற்றமற்ற அர்பாச்சே கைவிடப்பட்டு நிற்கையில் பாடும் ‘வோ சொல்கான்தோ’ வருகிறது. பாயும் பாய்மரக் கயிறுகளும் இன்றிக் கொடுங்கடலைக் கிழித்துச் செல்கிறேன் என்பது பாட்டு. அதைப் பாடும் அர்ஜென்டீனாவின் ஃபிராங்கோ ஃபாஜோலி, அடுக்கடுக்கான பிருகாக்களின் நடுவே, மேல் ஸ்தாயியிலிருந்து இயல்குரலுக்குத் தடாலென்று குதிக்கிறார். ஒட்டை மறைப்பதே தேர்ச்சி என்று மேலே சொன்னேன். ஃபாஜோலி ஒட்டை மறைக்காமல் கப்பல் அலையின் முகட்டிலிருந்து பள்ளத்துக்கு விழுவதைப் போல அதைக் காட்டுகிறார். சில விமர்சகர்களுக்கு இந்தப் போக்கு மிகையாகப் படலாம். இந்தப் பாட்டில் மிகை இல்லாவிட்டால்தான் பிழை என்பது என் கருத்து.

இந்தக் குழுவின் இன்னொரு பயன், ஐந்து குரல்களும் அருகருகே ஒலிப்பது. யாரூஸ்கியின் வெண்மை, செஞ்சிச்சின் அடர்த்தி, ஃபாஜோலியின் எரியும் நிறம் ஆகியவற்றை ஒரே பதிவில் கேட்டபின் கவுண்டர்டெனர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று எவரும் சொல்ல மாட்டார்.

ஒலிவாங்கி இந்தக் கலைக்குச் செய்ததை நன்றியோடும் எச்சரிக்கையோடும் சொல்ல வேண்டும். மேல்தொனிகள் குறைந்த குரலை அருகிலிருந்து பிடித்து, வாத்தியங்களுக்கு மேலே நிறுத்திவைக்க ஒலிப்பதிவால் முடியும். எதிரொலி நிறைந்த கூடத்தில் பதிவுசெய்தால் தூய ஃபால்செட்டோ ஒளிவட்டம் சூழ்ந்தது போல் மின்னும். எனவே இசைத்தட்டில் மட்டும் கேட்டுவிட்டு ஒரு குரலின் பருமனை முடிவுசெய்ய இயலாது. ஆனால் ஒலிப்பதிவை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. குடல் நரம்புகள் கட்டிய வயலின்களும், குரலைப் போர்த்தி மூடாத சிறிய குழுவும், மிதமான அரங்கமும் அந்த இசை பிறந்த சூழலின் பகுதிகள். நல்ல பதிவு அந்த அளவுகளைக் கேட்பவரின் அறைக்குள் கொண்டுவருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹாண்டெலின் ‘அரியோதாந்தே’ ஓபராவின் ‘ஸ்கெர்ஸா இன்ஃபீதா’வை ஆன் சோஃபி வான் ஓட்டர் என்ற மெஸ்ஸோவின் 1997ஆம் ஆண்டுப் பதிவிலும், ஏதேனும் ஒரு கவுண்டர்டெனரின் பதிவிலும் கேட்கலாம். துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பிச் சாகத் துணிந்தவனின் புலம்பல் அது. ஒலி அடக்கிய வயலின்களுக்குக் கீழே பஸூன் என்ற தாழ்சுருதிக் குழல் தனியே அழும். பெண்குரலில் அந்தத் துயரம் ஒரு வட்டமான முழுமையோடு வரும். கவுண்டர்டெனரில் ஏதோ ஒன்று குறைகிறது. நாயகனிடமிருந்து பறிக்கப்பட்டதும் ஏதோ ஒன்றுதான் என்பதால், அந்தக் குறையே அங்கே பேசுகிறது.

மெய்யான காஸ்ட்ராட்டோ ஒருவரின் தனிக்குரல் பதிவும் நம்மிடம் உண்டு. ரோமின் சிஸ்டீன் தேவாலயப் பாடகர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி 1902இல் வத்திக்கானிலும் 1904இல் ரோமிலும் கிராமபோன் குழாயின் முன்னின்று பாடினார். அப்போது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். பாடியவை ஓபரா ஆரியாக்களல்ல, பக்திப் பாடல்களும் தேவாலய இசையும்தான். ஸ்வரங்களை விம்மலோடு தொட்டு ஏறும் அவருடைய பாணியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஃபாரினெல்லி இப்படித்தான் பாடியிருப்பார் என்று இதை வைத்து முடிவுகட்டுவது தவறு. எனினும் கீறல் ஒலிகளுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரலின் உறுதியான மையத்தை உன்னிப்பாகக் கேட்டால், இது ஃபால்செட்டோ அல்ல என்று காது கண்டுகொள்ளும். 1994இல் வந்த ‘ஃபாரினெல்லி’ திரைப்படத்துக்காக, ரேகினின் கவுண்டர்டெனர் குரலையும் ஏவா மாலாஸ் கோட்லெவ்ஸ்கா என்ற சொப்ரானோவின் (உயர்ந்த பெண்குரலினரின்) குரலையும் பாரீஸின் இர்காம் ஆய்வகத்தில் கணினியால் கலந்து ஒரே குரலாக்கினார்கள். அந்த முயற்சியின் திறமையை மதிக்கிறேன். ஆனால் எந்த உடலும் மூச்செடுத்துப் பாடாத ஒலியில் எனக்கு ஈடுபாடு வரவில்லை.

பரோக் யுகம் முடிந்து க்ளுக், மோட்ஸார்ட் ஆகியோரின் செவ்வியல் யுகம் வரும்போது கவுண்டர்டெனரின் சோதனை வேறாகிறது. 1762 அக்டோபர் 5 அன்று வியன்னாவில் க்ளுக்கின் ‘ஓர்ஃபேயோ’ அரங்கேறியபோது நாயகனைப் பாடியவர் ஆல்ட்டோ காஸ்ட்ராட்டோவான கயெதானோ குவாதாஞி. இளமையில் லண்டனில் ஹாண்டெலுக்காகப் பாடியவர், நடிகர் டேவிட் காரிக்கிடம் நடிப்பைக் கற்றவர். க்ளுக் முதற்பகுதிக்குத் திரும்பும் பழைய அமைப்பையும் பாடகரின் அணிகளையும் ஒதுக்கிவிட்டார். மறைந்துகொள்ள இடமே இல்லாத நேர்கோடுதான் மிஞ்சியது. மனைவியை இரண்டாம் முறையும் இழந்தவன் பாடும் ‘கே ஃபரோ’ மேஜர் ஸ்வர அமைப்பில், கிட்டத்தட்ட அமைதியான ராகத்தில் செல்கிறது. அதே பல்லவி மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் துயரம் ஆழமாக வேண்டும், ஆனால் மெட்டை மாற்றக்கூடாது. அலங்காரத்தில் வல்லவர்கள் பலர் இங்கே வறண்டுபோகிறார்கள். ஷோலின் 1999ஆம் ஆண்டு இசைத்தட்டில் இது ஹாண்டெல், ஹாஸ்ஸே, மோட்ஸார்ட் ஆரியாக்களுக்கு நடுவே ஒலிக்கிறது. எதையும் செய்யாமல் நிற்கும் துணிவு அவரிடம் இருப்பதால் அது வெல்கிறது.

மோட்ஸார்ட் பதினான்கு வயதில் மிலானுக்காக எழுதிய ‘மித்ரிதாத்தே’யில் ஃபர்னாச்சே என்ற துரோகி மகனின் பாத்திரம் ஆல்ட்டோ காஸ்ட்ராட்டோவுக்கு உரியது. மனம் திருந்தி அவன் பாடும் ‘ஜா தாலி ஓக்கி’ இன்று கவுண்டர்டெனர்களின் சொந்தச் சொத்துபோல் ஆகிவிட்டது. கண்ணை மறைத்த திரை விலகியதைச் சொல்லும் பாட்டுக்கு, அவர்களுடைய குரலின் தெளிவு மிகவும் இசைந்துவருகிறது. ஆனால் 1791இல் ப்ராக் நகரில் அரங்கேறிய ‘லா கிளெமென்ஸா தி தீத்தோ’வின் செஸ்தோ, தோமேனிக்கோ பெதீனி என்ற காஸ்ட்ராட்டோவுக்காக எழுதப்பட்டிருந்தும், இன்றுவரை பெரும்பாலும் மெஸ்ஸோக்களின் கையிலேயே இருக்கிறது. காரணம் இசையிலேயே உள்ளது. குரலின் எல்லை உயர்ந்துவிட்டது. வரிகள் நீண்டுவிட்டன. ‘பார்த்தோ’ ஆரியாவில் எதிரே நிற்பது கிளாரினெட். கீழிருந்து மேல்வரை ஒரே நெய்ப்புடன் ஓடும் அந்த வாத்தியத்தின் பக்கத்தில் குரலின் ஒட்டுகள் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இந்த மாற்றத்தை ஒரே தட்டில் தொடர்ந்து கேட்க, யாகோப்ஸ் நடத்த, பேஜுன் மேத்தா பாடி 2013இல் வெளிவந்த ‘கே பூரோ சியேல்’ சிறந்த வழி. க்ளுக், ஹாஸ்ஸே, த்ரயெத்தா, யோஹான் கிறிஸ்டியன் பாஹ், மோட்ஸார்ட் என்று செவ்வியல் ஓபராவின் எழுச்சியை அது பின்தொடர்கிறது. தலைப்புப் பாடலில் இறந்தோரின் இன்ப உலகுக்குள் நுழையும் ஓர்ஃபேயோ, என்ன தூய வானம் என்று வியக்கிறான். ஓபோவும் புல்லாங்குழலும் செல்லோவும் ஓடை, பறவை, தென்றல் என்று அவனைச் சூழ, அவன் பாடுவதைவிட மெல்லப் பேசிக்கொண்டே நடக்கிறான். அத்தனை அழகின் நடுவே, யூரிதீச்சே இல்லாத குறையைச் சொல்லும் இடத்தில் மேத்தாவின் ஒலி சற்றே ஒடுங்குகிறது. ஒரு தேர்ந்த ஃபால்செட்டோவால் மட்டுமே அவ்வளவு சிறிதாக ஒடுங்கி, அப்போதும் அறுந்துபோகாமல் இருக்க முடியும்.

மேத்தா அமெரிக்காவில் பிறந்தவர். தந்தை பார்சி சமூகத்தைச் சேர்ந்த பியானோ கலைஞர். சிறுவனாக இருந்தபோதே அவர் சொப்ரானோ பாடகராகப் புகழ்பெற்று, 1980களின் தொடக்கத்தில் ஓர் இசைத்தட்டும் பதிவுசெய்தார். பிறகு மகரக்கட்டு வந்தது, அந்தக் குரல் போயிற்று. செல்லோ வாசித்தார், ஒலிப்பதிவுத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார், பாரிட்டோனாகப் பாட முயன்று நிறைவு காணவில்லை. 1997இல், கவுண்டர்டெனர் ஒருவரைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் மேல்குரலைச் சோதித்துப் பார்த்த பிறகே இந்தப் பாதைக்கு வந்தார். அந்தச் சிறுவனின் இசைத்தட்டும் ‘கே பூரோ சியே’லும் இன்று இரண்டுமே கேட்கக் கிடைக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு கத்தியால் நிறுத்திவைக்க முயன்ற அந்த நொடியின் இரு கரைகளிலும் ஒரே மனிதர் நின்று பாடுகிறார். முதல் பதிவில் பாடும் சிறுவனுக்குத் தன் குரல் எப்படி வருகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதில் பாடுகிறவருக்கு ஒவ்வொரு ஸ்வரமும் தெரிந்து எடுத்தது.